நாற்பத்திரண்டாவது வேடம்

26 பெப்ரவரி 2019, செவ்வாய்

ஏஜென்சியிலிருந்து லோமன் அம்மணி அழைத்தார். "யோகா, இந்த முறை உன் பாத்திரத்துக்குப் பெயர் இருக்கிறது" என்றார். பரீட்சையில் பாஸ் என்று அறிவிக்கிற குரல்.

என் பெயர் யோகேஸ்வரி. அது ஜெர்மன் வாயில் நுழையாது என்று பதினாறு வருடத்துக்கு முன் இதே அம்மணிதான் யோகா என்று வெட்டிவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு படப்பிடிப்பிலும் யாராவது ஒருவர் வந்து முதுகு வலிக்கு என்ன ஆசனம் நல்லது என்று கேட்கிறார்கள்.

பதினாறு வருடத்தில் நாற்பத்தொரு வேடம். இன்றைக்கு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். துப்புரவுப் பெண் பதினான்கு. அகதித் தாய் ஒன்பது. ஆஸ்பத்திரித் தாதி ஏழு. கொலையைப் பார்த்தும் ஒன்றும் பார்க்காத அயல்வீட்டுக்காரி ஆறு. பிணம் இரண்டு. மிச்சம் மூன்றுக்குப் பெயர் இருந்தது, ஆனால் மூன்றிலும் ஒரு வசனத்துக்கு மேல் இல்லை. இந்த டோட்முண்ட் நகரத்தில் என்னைவிட நன்றாகத் தரை துடைக்கிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கமராவுக்கு முன்னால் துடைக்க என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன், வெட்கம் கெட்டவள்.

அழ வேண்டிய இடம் வந்தால் இயக்குநர்கள் எல்லோருக்கும் ஒரே வசனம்தான்: "உங்கள் மொழியில் ஏதாவது சொல்லுங்கள்." என்ன சொன்னாலும் ஒன்றுதான். 'அந்நிய மொழியில் பேசுகிறாள்' என்று கீழே எழுதிவிடுவார்கள். முதல் தடவை தேவாரம் பாடினேன். இவர்களுக்குத் தேவாரத்தை வீணாக்குவானேன் என்று பிறகு ஏழாம் வாய்ப்பாட்டுக்கு மாறினேன். மகனின் பிணத்தின்மேல் விழுந்து ஏழேழு நாற்பத்தொன்பது என்று கதறியிருக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. இங்கத்தைய பத்திரிகை ஒன்று அந்தக் காட்சி உள்ளத்தை உலுக்கியது என்று எழுதியது.

நேசத்துக்குப் போன் பண்ணிச் சொன்னேன். எப்போதும் கேட்பதைத்தான் முதலில் கேட்டாள்.

"இந்த முறை தமிழ் கதைக்கிறியோ?"

"ஓம் போலதான் கிடக்கு."

"அப்ப கட்டாயம் பாக்கோணும்."

3 மார்ச், ஞாயிறு

நேசத்தைத் தமிழ்க் கடைக்குக் கூட்டிப்போனேன். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு என் வேலை அது. அவளுக்குக் கார் இல்லை, மூட்டு வலி. கத்தரிக்காயை ஒவ்வொன்றாக எடுத்து அமத்திப் பார்த்துத்தான் வாங்குவாள். எனக்கு எரிச்சல் வரும், ஆனால் வாய் திறக்க மாட்டேன். இவர் கேட்கிறார், "உமக்கு என்ன நேர்த்திக்கடனோ, இவ்வளவு வருசமாச் சுமக்கிறீர்?" என்று. இவர் என்பது என் கணவர் பரஞ்சோதி. ஹோட்டல் குசினியில் முப்பது வருடம் நின்று இப்போது பென்சனில் இருக்கிறார். நேர்த்திக்கடன் என்று வைத்துக்கொள்ளட்டும்.

நேசமலர் 1991இல் அகதி விடுதியில் எனக்குக் கீழ்க்கட்டிலில் படுத்தவள். திருகோணமலைக்காரி. எனக்கு ஏழு மாதத்தில் அகதி என்று ஏற்றுப் பத்திரம் கிடைத்தது. அவளுக்கு நிராகரிப்புக் கடிதம் வந்தது. பிறகு பதினான்கு வருடம் தற்காலிகக் கடதாசியில் இருந்தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முத்திரை குத்த வேண்டும், மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது, வேலை செய்யக் கூடாது. தொண்ணூற்றொன்பதில் தாய் செத்தபோது போக முடியவில்லை. போயிருந்தால் திரும்பி வந்திருக்க முடியாது. கலியாணமும் இல்லை. "கடதாசி இல்லாத பொம்பிளையை ஆர் கட்டுவான்?" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். இப்போது முதியோர் இல்லம் ஒன்றில் துப்புரவு வேலை. நான் நடித்ததை அவள் செய்கிறாள்.

சாமான்களை மூன்றாம் மாடிக்குத் தூக்கிக்கொடுத்தேன். மேசையில் மின்சாரக் கடிதங்களுக்கு நடுவே அந்த நிராகரிப்புக் கடிதம், அதே ரோசாப்பூ நிறப் பிளாஸ்டிக் உறையில்.

"இன்னும் ஏன் இதை வைச்சிருக்கிறாய்? எறிஞ்சு போடன்."

"கிடக்கட்டும். அது சாப்பாடே கேக்குது?"

அவளோடு கதைத்து வெல்ல முடியாது.

11 மார்ச், திங்கள்

கதைப்பிரதி வந்தது. நூற்றுப்பத்துப் பக்கம். என் பாத்திரத்தின் பெயர் செல்வி, வயது ஐம்பது, ஊர் இலங்கை. காலம் 1991. அகதி விசாரணை அலுவலகத்தில் செல்வி தனக்கு நடந்ததைச் சொல்கிறாள். நாலு நிமிடக் காட்சி. படத்தின் கதாநாயகன் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அதிகாரி. செல்வியை நிராகரிக்கச் சொல்லி மேலிடம் அவரை நெருக்க, அவருக்கு மனச்சாட்சி உறுத்துகிறது, மனைவியோடு சண்டை வருகிறது, பியானோ வாசிக்கிறார். நாங்கள் படுகிற பாட்டுக்கும் அவர்கள்தான் அழ வேண்டும்.

என் நாலு நிமிடத்துக்கு ஒரு வசனமும் எழுதியிருக்கவில்லை. 'செல்வி தன் மொழியில் சொல்கிறாள். மொழிபெயர்ப்பாளரின் ஜெர்மன் குரல் மேலே ஒலிக்கிறது.' அந்த ஜெர்மனில் எரிந்த வீடு, இறந்த மகன், ஒரு கிணறு எல்லாம் வருகின்றன. மொழிபெயர்ப்பாளராக நடிப்பவர் ஃபர்ஹாத். ஈரானியர். தலைமுடி கறுப்பு, அது போதுமாம்.

12 மார்ச்

வெங்காயம், கடலை மா, செத்தல் மிளகாய். வியாழன் பத்து மணிக்கு நேசத்தைக் கண் டொக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.

26 மார்ச், செவ்வாய்

ஒத்திகை. இயக்குநர் வீப்கெ, முப்பத்தைந்து வயதுப் பெண். நல்ல பிள்ளை. என் கோட்டை வாங்கி அவளே கொளுவினாள். மற்றவர்களைப் போல இல்லை, கேள்வி கேட்கிறாள். அதுதான் பிரச்சினை.

"யோகா, நீங்களும் இதேபோல ஓர் அறையில் இருந்திருப்பீர்கள், இல்லையா? என்ன சொன்னீர்கள்?"

"எல்லோரும் சொன்னதைத்தான்."

"அதிகாரியின் முகம் நினைவிருக்கிறதா?"

இல்லை என்றேன். பொய். ஒல்லியான மனிதர், விரலில் மை, மேசையில் பாதி தின்ற ஆப்பிள். மொழிபெயர்ப்பாளர் என்னை 'அவள்' என்று சொல்லவில்லை. 'நான்', 'என் தம்பி' என்று, தானே நானாகி ஜெர்மனில் சொன்னார். மொழிபெயர்ப்பாளர்களின் வழக்கம் அப்படித்தானாம். அது அப்போது எனக்குத் தெரியாது. என் வாயிலிருந்து போனது இன்னொருவர் வாயில் 'நான்' என்று வந்ததைக் கேட்டபோது எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. அன்றைக்கு அந்த அறையில் நான் அழுத அழுகையை இந்த நாற்பத்தொன்றில் ஒன்றிலும் அழுததில்லை.

வேறு கதை எழுதலாம். இவர் முருங்கைக்கீரை வாங்கி வந்திருக்கிறார். ஆய்வதற்கு நான்.

8 ஏப்ரல், திங்கள்

முதல் நாள். ஒன்பது மணி நேரம் இருந்து காட்சிக்குப் போகாமலே திரும்பினேன். உடுப்புப் பகுதிப் பெண் கிழிந்த சேலை ஒன்றைக் கொண்டுவந்து, அதன் கரையில் தூசியும் பூசிக்கொண்டு நின்றாள்.

"பிள்ளை, உயிருக்காகப் பேசப் போகிறவள் இருக்கிறதில் நல்ல சேலையைத்தான் உடுப்பாள். இரவல் வாங்கியாவது உடுப்பாள்" என்றேன்.

வீப்கெ என் பக்கம் நின்றாள். சேலையை நானே தோய்த்து, நானே இஸ்திரி போட்டேன். விசாரணைக்கு நான் உடுத்திப் போனது நேசத்தின் நீலச் சேலை. ஊசி குத்திக் கொசுவத்தைச் சரிசெய்து அனுப்பியதும் அவள்தான்.

9 ஏப்ரல், செவ்வாய்

ஏழு தடவை எடுத்தார்கள். வாய்ப்பாடு, புட்டு அவிக்கிற முறை, நாச்சிமார் கோயில் திருவிழாவில் என் சங்கிலி அறுந்தது எல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வீப்கெ வந்து என் முழங்காலடியில் குந்தி, "நன்றாக இருக்கிறது, ஆனால் உங்கள் கண் இங்கே இல்லை" என்றாள். கெட்டிக்காரி. பதினாறு வருடத்தில் ஒருவரும் கண்டுபிடிக்காததை ஒரு காலையில் கண்டுபிடித்துவிட்டாள்.

"என்ன சொல்கிறீர்கள் என்று யாருக்கும் கேட்காது, யோகா. ஃபர்ஹாத்தின் குரல் மேலே வரும். உங்கள் குரல் முணுமுணுப்பு மாதிரித்தான். எது வேண்டுமானாலும் சொல்லுங்கள். உண்மையாக இருந்தால் போதும்."

எட்டாவது தடவை. என்ன சொன்னேன் என்று இங்கே எழுதப் போவதில்லை. முடிந்தபோது 'கட்' சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை. ஒலிவாங்கி பிடித்தவர் மூக்கைத் துடைத்தார். அதிகாரியாக நடித்த பெரிய நடிகர், காலையில் வணக்கத்துக்குத் தலையைக்கூட ஆட்டாதவர், எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்தார்.

நாற்பத்தொரு தடவை காத்திருந்தது இதற்குத்தான். அழுதேன். சந்தோசத்தில்தான்.

10 ஏப்ரல்

புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். நேசம் இரண்டு முறை போன் பண்ணினாள். எடுக்கவில்லை.

25 ஜூன், செவ்வாய்

வீப்கெயின் போன். குரலில் துள்ளல். "யோகா, படத்தொகுப்பில் ஃபர்ஹாத்தின் குரலை முழுதாக எடுத்துவிட்டேன். கீழே எழுத்தும் போடவில்லை. நாலு நிமிடம் உங்கள் முகமும் உங்கள் குரலும் மட்டும். அதிகாரிக்கு உங்கள் மொழி விளங்கவில்லை. பார்ப்பவர்களுக்கும் விளங்கக் கூடாது. அவர்களும் முகத்தைப் பார்த்தே நம்ப வேண்டும், அல்லது நம்பாமல் விட வேண்டும்."

நல்லது என்றேன். வேறு என்ன சொல்வது. அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

ஜெர்மன்காரனுக்கு விளங்காது. இந்த நகரத்தில் மாத்திரம் எத்தனை தமிழ்க் குடும்பம்! என்னைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே என் படத்தைத் தேடிப் பார்க்கிற சனம். முதல் ஆளாக நேசம். என் ஒவ்வொரு படத்தையும் என் வீட்டுக்கு வந்து, சோபாவில் என் பக்கத்தில் இருந்து, கடலை வடையும் கையுமாகப் பார்த்தவள்.

28 ஜூன், வெள்ளி

கொலோனில் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனேன். அந்தக் காட்சிக்கு மறுபடி குரல் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். வீப்கெ திகைத்துப் போனாள்.

"எதற்கு? என்ன குறை?"

"தமிழ் உச்சரிப்புச் சரியில்லை."

பெரிய திரையில் போட்டுக் காட்டினாள். நான் என்னைப் பார்த்தேன்.

அந்தத் திரையில் நான் சொன்னது இதுதான்: "ஐயா, போன கிழமை நான் சொன்னது என்ரை கதை இல்லை. அந்தத் தம்பி என்ரை தம்பி இல்லை. அந்தக் கேரியர் என்ரை இல்லை. கீழ்க்கட்டிலில படுக்கிறவளின்ரை. அவளின்ரை முறை இன்னும் வரேல்லை. அவள் வந்து சொல்லேக்க நம்புங்கோ ஐயா. நான்தான் முந்திச் சொல்லிப்போட்டன்."

எழுதிவிட்டேன். இனி மிச்சத்தையும் எழுதலாம்.

நேசத்தின் தம்பி குகன். பத்தொன்பது வயது. இராணுவ முகாமுக்கு விசாரணைக்கென்று கொண்டுபோனார்கள். நேசம் மூன்று நாள் சாப்பாட்டுக் கேரியரோடு முகாம் வாசலில் நின்றாள். காவலாளி வாங்கிக்கொண்டு போவான், பின்னேரம் வெறும் கேரியரைத் தருவான். அவன் சாப்பிடுகிறான் என்று தாய்க்குச் சந்தோசம். மூன்றாம் நாள் கேரியரைத் திறந்து பார்த்தபோது உள்ளே பளிச்சென்று கழுவியிருந்தது. குகன் தன் வாழ்நாளில் தின்ற கோப்பையைக் கழுவினவன் இல்லை. அதைக் கண்டுதான் அவளுக்கு விளங்கியது. வாசலிலேயே இருந்துவிட்டாள். இதை விடுதியில் ஒரு மழை நாளில், தேத்தண்ணீர் ஆறிப்போகும் வரை எனக்குச் சொன்னாள்.

என் கதை என்ன? அண்ணன் காசு கட்டி அனுப்பினான். ஊரில் குண்டு விழுந்தது, ஆனால் எங்கள் வீட்டில் விழவில்லை. விழாத குண்டை வைத்து எப்படி வழக்குப் பேசுவது? வழக்கு இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவான் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். அந்த மனிதர் "உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டபோது வாய் திறந்தேன், குகன் வந்தான். ஊரை மாற்றினேன். பெயரை மாற்றினேன். கேரியரை மாற்றவில்லை. பத்தொன்பது நாள் கழித்து அதே அறையில், அதே மனிதருக்கு முன்னால் நேசம் போய் இருந்தாள்.

வீப்கெ திரையை நிறுத்திவிட்டு, "உங்களுக்கு வேண்டுமென்றால் திங்கட்கிழமை வந்து மாற்றிப் பேசுங்கள். உங்கள் உரிமை. ஆனால் ஒன்று சொல்கிறேன், இந்த முகத்தை இந்த நாட்டில் யாரும் மறக்க மாட்டார்கள். விழாவுக்கு இதைத்தான் அனுப்பப் போகிறேன்" என்றாள்.

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். ரயிலில் வரும்போதே முடிவெடுத்துவிட்டேன். இருக்கட்டும். இருபத்தெட்டு வருடம் மூடி வைத்தது போதும், உண்மை வெளியே வரட்டும். அதற்காகத்தான் விடுகிறேன். வேறு ஒன்றுக்காகவும் இல்லை.

1 ஜூலை, திங்கள்

போகவில்லை. தலைமுடிக்கு மை பூசினேன்.

20 ஒக்டோபர், ஞாயிறு

நவம்பர் பத்தாம் திகதி காலை பதினொரு மணிக்கு இங்கே டோட்முண்டிலேயே திரையிடல். பிறகு மேடையில் கலந்துரையாடல். நேசத்திடம் டிக்கெட் முடிந்துவிட்டது என்று சொன்னேன். வேலையிடத்துப் போலந்துப் பெண்ணைக் கொண்டு இன்டர்நெட்டில் தானே வாங்கிவிட்டாள். நாலாம் வரிசை, நடு இருக்கை.

"உன்னட்டைக் கேட்டா இல்லையெண்டு சொல்லுவாய் எண்டு தெரியும்" என்று சிரிக்கிறாள்.

3 நவம்பர், ஞாயிறு

குகனின் நாள். செத்த திகதி தெரியாது. கேரியர் கழுவி வந்த திகதியைத்தான் நேசம் நினைவுநாளாக வைத்திருக்கிறாள். குகனுக்குப் பிடித்த சாப்பாட்டைச் சமைத்து, எங்களுக்குப் பரிமாறி, மிச்சத்தைக் கேரியரில் போட்டு என்னிடம் தந்துவிடுவாள். ஒரு நிபந்தனை. கேரியரைக் கழுவாமல் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். வேறு யாருடைய ஏனத்தையும் கழுவாமல் திருப்பிக் கொடுத்தால் ஊர் சிரிக்கும். இந்த ஒன்று மட்டும் சோறும் குழம்பும் ஒட்டினபடி அவள் கைக்குப் போக வேண்டும். தின்ற அடையாளம் அவளுக்குத் தெரிய வேண்டும். அவள் தானே கழுவுவாள்.

இவர் சாப்பிட்டுவிட்டுப் பல்கனிக்குப் போனார். நாங்கள் இருவரும் மேசையில் இருந்தோம். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ஒரு கிழமைதான் இருக்கிறது. படத்தில் கேட்பதற்கு முன் என் வாயால் கேட்கட்டும் என்று.

"நேசம், ஒண்டு சொல்லோணும்."

"சொல்லு."

அவள் கையைத் துடைத்துவிட்டு எனக்கு நேரே இருந்தாள். டிவியைக்கூட நிறுத்தினாள். அப்படி ஆயத்தமாக இருந்தால் ஒருவருக்கு எப்படி வாய் வரும்?

"றால் பொரியலுக்கு உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு."

என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஓம். கூடித்தான் போச்சு" என்றாள். பிறகு எழுந்து கேரியரில் சோறு போட்டாள்.

மேசையில் அந்த ரோசாப்பூ உறை. அதைத் தொண்ணூற்றிமூன்றில் அவளுக்கு வாசித்துக் காட்டியது நான். அப்போது நான் மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன், அவளுக்கு அந்த அனுமதி இல்லை. 'ஆதாரம் போதாதாம்' என்று சொன்னேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. இதே விவரத்தை, உணவுக் கேரியர் கழுவப்பட்டிருந்தது உட்பட, இந்த விசாரணைக்குச் சில வாரங்களுக்கு முன் வேறொரு விண்ணப்பதாரி கூறியிருக்கிறார், ஆகவே இது மனப்பாடம் செய்த கதை என்று. அதை வாசிக்காமல் விட்டேன். ஆதாரம் போதாது என்று நான் சொன்னதை நம்பி, ஊரிலிருந்து கிராம அதிகாரி விதானையின் கடிதம், பாதிரியாரின் கடிதம், பள்ளிக்கூடச் சான்றிதழ் என்று வருடக்கணக்காக எடுப்பித்துக்கொண்டிருந்தாள். முத்திரைக் காசு சில வேளை நான்தான் கொடுத்தேன்.

5 நவம்பர், செவ்வாய்

பொழுது போகவில்லை. குசினி அலுமாரியைக் காலி செய்து, கண்ட கண்ட ஏனம் எல்லாவற்றையும், எது எவருடையது என்றும் பார்க்காமல் எடுத்துச் சாம்பல் போட்டு மினுக்கினது போலத் தேய்த்து வைத்தேன். கை எரிகிறது.

10 நவம்பர், ஞாயிறு

காலை பத்து மணிக்கு நேசத்தைக் காரில் ஏற்றினேன். நீலப் பட்டுச் சேலை, தலையில் கனகாம்பர நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பூ. கேரியர் பின் இருக்கையில் இருந்தது, வரும்போது கொடுக்கலாம் என்று. இவருக்குச் சளி, வரவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. தமிழ் முகம் நாங்கள் இரண்டு பேர்தான். கோயிலில் அன்னதானம் என்பதால் சனம் தப்பிவிட்டது, அல்லது நான் தப்பினேன். நான் முன்வரிசையில் வீப்கெயோடு. நேசம் எனக்குப் பின்னால் நாலாம் வரிசையில். ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் என் காட்சி. திரும்பிப் பார்க்கவில்லை. என் முதுகு முழுவதும் காதாக இருந்தது. "கீழ்க்கட்டிலில படுக்கிறவளின்ரை" என்று திரையில் நான் சொன்ன நேரம் யாரோ இருமினார்கள். அவளா என்று தெரியவில்லை. எழுந்து போகிற சத்தம் கேட்குமென்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

படம் முடிந்து கைதட்டல். எங்களை மேடையில் ஏற்றினார்கள். நடத்துபவர் கழுத்தில் சால்வை சுற்றிய மனிதர். பெரிய நடிகரிடம் பியானோ பற்றி இருபது நிமிடம் கேட்டார்கள். பிறகு ஒரு நரைத்த பெண் எழுந்து, "அந்தத் தமிழ்ப் பெண் என்னதான் சொன்னாள்? எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும்" என்று கேட்டாள்.

வீப்கெ சிரித்து, "நான் வேண்டுமென்றே கேட்காமல் விட்டேன். யோகா விரும்பினால் சொல்லட்டும்" என்று ஒலிவாங்கியை என்னிடம் நீட்டினாள்.

முந்நூறு முகம். என் வாயில் ஏழாம் வாய்ப்பாடுகூட வரவில்லை.

நாலாம் வரிசையில் நேசம் எழுந்தாள். முன் கதிரையைப் பிடித்துக்கொண்டு, தரை துடைத்துப் பழகிய ஜெர்மனில், "எனக்குத் தமிழ் தெரியும். நான் சொல்கிறேன்" என்றாள். ஓடிப்போய் அவளுக்கும் ஒரு ஒலிவாங்கி கொடுத்தார்கள்.

அவள் சொன்னாள்: "என் தம்பி பெயர் குகன். பத்தொன்பது வயது. நான் மூன்று நாள் சாப்பாடு கொண்டுபோனேன். முதல் நாள் மீன் குழம்பு. இரண்டாம் நாள் முட்டை. மூன்றாம் நாள் றால், ஏனென்றால் அவனுக்கு றால் பிடிக்கும். கேரியர் திரும்பி வந்தது. கழுவியிருந்தது. என் தம்பி ஒருநாளும் கோப்பை கழுவ மாட்டான். அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. அம்மா அடுத்த நாளும் சமைத்தா. இவ்வளவுதான். இது உண்மை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

நான் திரையில் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட அவள் சொல்லவில்லை.

மண்டபத்தில் கைதட்டத் தொடங்கினார்கள், எழுந்து நின்று தட்டினார்கள். முந்நூறு பேரும் மேடையைப் பார்த்துத் தட்டினார்கள். என்னைப் பார்த்து. மொழிபெயர்ப்பாளர் 'நான்' என்று சொன்னால் அது மற்றவரைத்தானே. ஒரு தலைகூட நாலாம் வரிசைப் பக்கம் திரும்பவில்லை. நரைத்த பெண் மேடைக்கு வந்து என்னைக் கட்டிப்பிடித்து, "என்னவெல்லாம் பட்டிருக்கிறாய், மகளே" என்று அழுதாள். ஒலிவாங்கி இன்னும் என் கையில்தான் இருந்தது. இல்லை, அது நான் இல்லை, அதோ அவள் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் தலை குனிந்து கும்பிட்டேன். இதை எழுதுகிற கை கூசுகிறது.

காரில் நான்தான் தொடங்கினேன். "நேசம், நான் வந்து..."

"றோட்டைப் பாத்து ஓடு."

அவள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். அவள் இறங்கவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தாள்.

"அந்தக் கடிதத்தில ஒரு வரி நீ வாசிக்காமல் விட்டனீ. ரெண்டாயிரத்து மூண்டில வக்கீல் அம்மா வாசிச்சுக் காட்டினவ."

அந்த வருடம்தான் நான் நடிக்கத் தொடங்கினேன். "பதினாறு வருசமா உனக்குத் தெரியுமே?"

"கேரியரின்ரை கதையை நான் ஒராளுக்குத்தான் சொன்னனான், யோகம்."

"ஏன் கேக்கேல்லை? ஒரு பேச்சுப் பேசியிருக்கலாம், அடிச்சிருக்கலாம் நீ!"

"நீயாச் சொல்லுவாய் எண்டு இருந்தனான். உன்ரை சோபாவில, உனக்குப் பக்கத்தில இருந்துதானே அவ்வளவு படமும் பாத்தனான். கைக்கெட்டின தூரம். போன ஞாயிறு டிவியையும் நிப்பாட்டிப்போட்டு இருந்தன். றாலுக்கு உப்பெண்டு சொன்னனீ."

அழுதேன். அவள் அழவில்லை. கதவைத் திறந்து, முழங்காலைப் பிடித்தபடி மெல்ல இறங்கினாள். பிறகு குனிந்து சொன்னாள்.

"சொன்னதும் சொன்னனீ, எனக்குச் சொல்லேல்லை. கமராவுக்குத்தான் சொன்னனீ. நல்லாத்தான் இருந்தது."

போகப் புறப்பட்டவளைக் கூப்பிட்டேன். எதையாவது கொடுக்க வேண்டும் போல இருந்தது. பின் இருக்கையிலிருந்து கேரியரை எடுத்து யன்னலால் நீட்டினேன். வாங்கினாள். பாரம் பார்ப்பது போல ஒருமுறை உயர்த்திப் பார்த்துவிட்டு, நடைபாதையிலேயே கொளுக்கியைக் கழற்றினாள். மேல் தட்டைத் திறந்தாள். அடுத்ததைத் திறந்தாள். அடித்தட்டுக்குள் விரலை விட்டுத் தடவி, விரலைப் பார்த்தாள்.

"கழுவிப்போட்டாய்" என்றாள்.

தட்டுகளை அடுக்கி, கொளுக்கியைப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். மூன்று மாடியும் ஏறி முடிக்கிற நேரம் வரை காரிலேயே இருந்தேன்.

நான் கழுவவில்லை. நிபந்தனை எனக்குத் தெரியாதா, இவ்வளவு வருடத்தில் ஒருமுறை பிசகினேனா? வீட்டுக்கு வந்து இவரைக் கேட்டேன். தான் தொடவே இல்லை என்கிறார்.